விருந்தாளியிடம் வியாதி சொல்வதா?

ஹத்தா தன் மகளோடு பேசுவதை நிறுத்தி ஒரு வாரம் ஆகிறது. நிறுத்திவிட்டாள் என்று பெயர்தானே ஒழிய, பேச்சு நின்றபாடில்லை. அடுப்போடு பேசினாள், மாவோடு பேசினாள், முற்றத்தில் கட்டியிருந்த வெள்ளாட்டோடு பேசினாள். எல்லாம் இஸ்ஸாவின் காதில் விழுகிற தூரத்தில்.

"காஸாபிளாங்காவுல மாமன் வீட்டுல இடம் ஒழிச்சு வெச்சுக் காத்துக்கிட்டு இருக்காங்க. கணக்குப் படிச்சு, ஆபீஸ்ல நாற்காலி போட்டு உக்கார வேண்டிய பொண்ணு. இந்த மலையிலயே நர்சாகி ஊரான் புண்ணைக் கழுவப் போகுதாம். கேட்டியாடி?"

வெள்ளாடு கேட்டது. அதற்கும் பதில் சொல்லத் தைரியம் இல்லை.

பள்ளி இறுதித் தேர்வில் இஸ்ஸா பாஸான சேதி வந்த அன்று ஆரம்பித்த சண்டை இது. "நர்சிங் படிக்கப் போறேம்மா, படிச்சுட்டு இங்கயே திரும்பி வந்துருவேன்" என்று அவள் சொன்னாளோ இல்லையோ, ஹத்தா பிசைந்துகொண்டிருந்த மாவை அப்படியே போட்டுவிட்டு எழுந்துபோனாள். சின்ன வயதிலேயே அந்தப் பெண்ணைக் கீழே விடுதியில் விட்டு, வழியெல்லாம் அழுதுகொண்டு மலையேறியது எதற்காக? அவளாவது இங்கிருந்து தப்பிக்கட்டும் என்றுதானே? கதவைத் திறந்துவிட்ட பிறகும் 'திரும்பி வருகிறேன்' என்கிறவளை என்னதான் செய்வது?

இன்றைக்கு அந்தச் சண்டைக்கு ஒரு முடிவு தெரிந்துவிடும். கீழேயிருந்து டாக்டரம்மா வருகிறார்.

வருகிற காரணத்தை ஊரே அறியும். மலைப் பிள்ளைகளுக்கென்று நர்சிங் கல்லூரியில் சில இடங்கள் ஒதுக்கியிருந்தார்கள். ஒரே ஒரு நிபந்தனை, படித்து முடித்ததும் சொந்த ஊர் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட வேண்டும். அவர்கள் ஊரான அயித் உமாலூவின் ஆஸ்பத்திரியோ ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. ஆள் வராத ஆஸ்பத்திரியை வைத்திருப்பதா, மூடுவதா என்று பார்த்துவிட்டுப் போகத்தான் இந்த வருகை. மூடிவிட்டால் திரும்பி வர இடம் கிடையாது. இடம் கிடையாது என்றால் கல்லூரியும் கிடையாது. இஸ்ஸா காஸாபிளாங்காவுக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

ஆக, ஹத்தா ஒன்றுமே செய்ய வேண்டாம். வாயை மூடிக்கொண்டு வந்தவர்களுக்கு நல்லபடியாகச் சமைத்துப் போட்டால் போதும். ஜெயித்துவிடுவாள்.

சமையலும் இன்று அவள் வீட்டில்தான். முறை அவளுடையது.

முறையைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அயித் உமாலூவுக்கு வந்த நர்சுகள் யாரும் நிலைத்ததில்லை. ஒருத்தி குளிருக்கு ஓடினாள், ஒருத்தி தனிமைக்கு ஓடினாள். இன்னொருத்தி ரொட்டியும் தேநீருமாக ஒரு குளிர்காலத்தைத் தள்ளிவிட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாள். அதற்கப்புறம் கௌத்தர் வந்தபோது, ஹத்தாதான் பெண்கள் நடுவில் எழுந்து நின்று பேசினாள்.

"பள்ளிவாசல் இமாமுக்கு வீட்டுக்கு ஒரு நாள் முறை வெச்சுச் சோறு போடுறோம்ல? அதே மாதிரி இந்தப் பொண்ணுக்கும் போடுவோம். வயிறு நெறஞ்சவ எதுக்கு ஓடுறா?"

நல்ல யோசனைதான். கௌத்தர் ஓடவில்லை. ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டில் கறியும் தேனும் நெய்யுமாகச் சாப்பிட்டு, கன்னம் இரண்டும் உப்பிப் போய், ஆஸ்பத்திரியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். ஏனென்றால் அந்த ஊரில் இன்னொரு வழக்கமும் உண்டு. விருந்தாளிக்குச் சோறு போட்டவர்கள் அவரிடம் ஒரு உதவியும் கேட்கக் கூடாது. கேட்டால் போட்ட சோற்றுக்குக் கூலி கேட்டதாக ஆகிவிடும். முறை எல்லா வீட்டையும் சுற்றிச் சுற்றி வந்ததில், 'எனக்கு வயிற்றுவலி' என்று கௌத்தரிடம் சொல்லக்கூடிய வீடு ஒன்றுகூட ஊரில் மிஞ்சவில்லை.

வியாதிகள் மட்டும் நிற்குமா? அவை பாட்டுக்கு வந்தன. வியாதி வந்தவர்கள் சந்தை நாளில் ஹத்தாவின் கணவன் பாஸ்ஸுவின் வேனில் ஏறி, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற டாக்டரிடம் போனார்கள். கேட்டால் சர்க்கரை வாங்கப் போவதாகச் சொல்வார்கள். வழியெல்லாம் முனகிக்கொண்டு சர்க்கரை வாங்கப் போகிற கூட்டத்தைப் பாஸ்ஸு எத்தனையோ பார்த்துவிட்டான். யாரிடமும் மூச்சு விட மாட்டான்.

முன் சீட்டில் உட்கார்ந்து போகிறவள் அவன் பெண்டாட்டிதான். ஹத்தாவுக்கு ரத்தக் கொதிப்பு. இது மகளுக்கும் தெரியாது.

---

டாக்டர் நுஸ்ஹா வருவதற்குக் கொஞ்சம் முன்னால் இஸ்ஸா அடுப்படிக்கு வந்து நின்றாள்.

"அம்மா, நீ என்கூடப் பேச வேண்டாம். கேட்டுக்கிட்டா போதும். இன்னைக்கு ஒரு நாள், பொம்பளைங்க கொஞ்சம் பேரை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லும்மா. நீ சொன்னா கேப்பாங்க."

ஹத்தா கறிச்சட்டியின் கூம்பு மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடியும் மூடினாள்.

"ஏங்க!" என்று வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "வீடு தேடி விருந்தாளி வர்ற அன்னைக்கு ஊரே எழவு விழுந்த மாதிரி மூஞ்சியை வெச்சுக்கிட்டு வரிசையில நிக்கணுமாம். உங்க பொண்ணு சொல்லுது."

பாஸ்ஸு எட்டிப் பார்த்தான். மகளின் முகத்தைப் பார்த்தான், பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தான்.

"நான் போய் வண்டிச் சக்கரத்துக்குக் காத்து இருக்கான்னு பாக்குறேன்" என்று நழுவினான்.

"நீ ஜெயிச்சுட்டேம்மா" என்றாள் இஸ்ஸா மெதுவாக. "ஆனா எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. கௌத்தர் அக்கா போனப்புறம் அடுத்த குளிர்காலத்துல பாதை பனியில மூடிக்கிட்டா, அப்பாவோட வேன் பறந்து போகுமா?"

ஹத்தாவுக்குச் சுருக்கென்றது. அதை மறைக்க அடுப்பில் இன்னொரு விறகைச் செருகினாள்.

---

டாக்டர் நுஸ்ஹா ஒல்லியான, வேகமாக நடக்கிற பெண்மணி. ஆஸ்பத்திரியைச் சுற்றிப் பார்த்தார். தரை பளபளவென்று இருந்தது. மருந்துகள் உறை பிரியாமல் அடுக்கியிருந்தன. ஒரு வருஷமாகத் துடைப்பதைத் தவிர வேறு வேலை இல்லாத இடம் வேறெப்படி இருக்கும்?

ஒரே ஒரு விஷயத்தில்தான் அவர் முகம் மலர்ந்தது. சுவரில் எலும்புக்கூட்டின் படம் ஒன்றைக் கரியால் பெரிதாக வரைந்திருந்தார்கள். நோயாளிகள் வராத நேரத்தில் கௌத்தர் ஊர்ப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பாடம் நடத்தியிருந்தாள். கட்டுப் போடுவது எப்படி, நாடி பார்ப்பது எப்படி, காய்ச்சலுக்கு முதலில் என்ன செய்ய வேண்டும் என்றெல்லாம்.

"படிக்கிற பசங்க இருக்காங்க. வைத்தியம் பாத்துக்க ஆள்தான் இல்ல" என்றார் டாக்டர்.

"ஆள் இருக்காங்க டாக்டர், வரமாட்டாங்க" என்றாள் கௌத்தர். "நான் அவங்க விருந்தாளியாம். ஒரு வருஷமாத் தின்ன வெச்சே என்னைக் கொல்றாங்க."

டாக்டர் சிரித்தார். நம்பினாரா என்று தெரியவில்லை.

பிறகு எல்லோரும் ஹத்தாவின் வீட்டு விருந்தறையில் கூடினார்கள். டாக்டருக்கு மலைப்பேச்சு தெரியாது. இஸ்ஸாதான் நடுவில் உட்கார்ந்து இங்கும் அங்கும் மொழிபெயர்த்தாள். ஊர் ஆட்கள் ஒவ்வொருவராக வந்து, கையை நெஞ்சில் வைத்து வணங்கி உட்கார்ந்தார்கள். ஹத்தா தேநீர் ஊற்றிக்கொண்டே எல்லாவற்றையும் கவனித்தாள்.

"எப்படி இருக்கீங்க?" என்று ஊர்த் தலைவர் லஹ்ஸனைக் கேட்டார் டாக்டர்.

"நல்லாயிருக்கோம், அல்லாஹ் புண்ணியத்துல" என்றார் லஹ்ஸன், மூச்சு வாங்கியபடி. இஸ்ஸா மொழிபெயர்த்தாள்.

மிமூன் தாத்தா கம்பை ஊன்றிக்கொண்டு காலை இழுத்து இழுத்து வந்தார். அங்கிக்கு அடியில் பழந்துணிக் கட்டு எட்டிப் பார்த்தது.

"கால்ல என்ன?"

"காலா? கால் பாட்டுக்கு இருக்கு டாக்டரம்மா. நல்லாயிருக்கேன், அல்லாஹ் புண்ணியத்துல."

"தாத்தா, என்கிட்டயாவது சொல்லுங்க" என்று கௌத்தர் தனக்குத் தெரிந்த அரைகுறை மலைப்பேச்சில் கெஞ்சினாள்.

மிமூன் தாத்தாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "வெள்ளிக்கிழமை என் வீட்டுல கை நனைச்ச பொண்ணும்மா நீ. உன்கிட்டக் காலைத் தூக்கிக் காட்டுறதா? என் வீட்டுக் கோழிக்குழம்பு அவ்வளவு மட்டமாவா இருந்துச்சு?"

இதையும் இஸ்ஸா மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. 'நல்லாயிருக்கோம், நல்லாயிருக்கேன், ஒரு குறையும் இல்ல' என்று வரவர அவள் குரல் தேய்ந்துகொண்டே போனது. ஹத்தாவுக்கு அந்தக் குரல் தெரியும். விடுதியில் விட்டுவிட்டு வந்த முதல் நாள், 'அழ மாட்டேம்மா, நீ போ' என்று சொன்ன குரல் அது.

கடைசியில் டாக்டர் கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்தார்.

"இவ்வளவு ஆரோக்கியமான ஊரை நான் பாத்ததே இல்ல. சந்தோஷம். அப்போ கௌத்தரை நோயாளி இருக்கிற ஊருக்கு அனுப்பிடலாம். இங்க ஆஸ்பத்திரி தேவையில்லைன்னு தோணுது."

இஸ்ஸா வார்த்தை பிசகாமல் அதையும் ஊருக்குச் சொன்னாள். கேட்டவர்களில் பாதிப் பேருக்குப் பெருமை தாங்கவில்லை. விருந்தாளி ஊரைப் புகழ்ந்துவிட்டாரே!

---

ஹத்தா கறிச்சட்டியை எடுத்துவர அடுப்படிக்குப் போனாள். கை கழுவத் தண்ணீர் எடுக்கும் சாக்கில் இஸ்ஸாவும் பின்னாலேயே வந்தாள். கண்ணைத் துடைத்துக்கொள்ள இடம் வேண்டுமே.

அங்கே அடுத்த வீட்டு யம்னா ரொட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒற்றைக் கையால். இன்னொரு கை துப்பட்டாவுக்குள் இருந்தது.

இஸ்ஸா கண்ணைத் துடைப்பதை விட்டுவிட்டு மூக்கை உறிஞ்சி மோந்தாள்.

"சித்தி, கையை வெளிய எடு."

"போடி வேலையப் பாத்துக்கிட்டு."

"எடுன்னா எடு!" இஸ்ஸா துப்பட்டாவை உருவினாள். உள்ளங்கை வீங்கிப் பழுத்திருந்தது. அடுப்பில் பட்ட சூடு. அதன்மேல் யாரோ சொன்னார்கள் என்று எதையோ அரைத்துப் பூசி, சீழ் வைத்துவிட்டது.

"அறிவிருக்கா உனக்கு? எத்தனை நாளா இப்படி? இந்தக் கையோடயா ரொட்டி தட்டினே?"

"கழுதை, மெல்லப் பிடிடி! உசுரு போகுது."

"போகட்டும். இன்னும் ரெண்டு நாள் விட்டா கையும் சேர்ந்து போகும். நட, கௌத்தர் அக்காகிட்ட."

"ஐயோ, அந்தப் பொண்ணு நம்ம வீட்டுல சாப்பிட்டுப் போனதுடி, எந்த மூஞ்சியோட கேப்பேன்? நீயே ஏதாவது பண்ணு. உன்கிட்ட எனக்கென்ன வெக்கம்? நீ குழந்தையில என் மடியில மூத்திரம் போனவ."

இஸ்ஸா திட்டிக்கொண்டே வெந்நீரில் துணியை நனைத்தாள். யம்னா திருப்பித் திட்டிக்கொண்டே கையை நீட்டினாள். இரண்டு பேர் வாயும் ஓயவில்லை. கை மட்டும் இழுக்காமல் நின்றது.

ஹத்தா சட்டியின் முன்னால் அப்படியே நின்றுவிட்டாள்.

கௌத்தர் தங்கமான பெண். ஆனால் கௌத்தரை யாராவது கழுதை என்பார்களா? கௌத்தர் யார் துப்பட்டாவையாவது உருவுவாளா? 'சொந்த ஊர்க்காரியை எவ மதிப்பா' என்று ஒரு வாரமாக வெள்ளாட்டிடம் கேட்டுக்கொண்டிருந்தாளே, அதற்குப் பதில் இதோ கண்ணெதிரே இருந்தது. மதிக்க மாட்டார்கள். அதனால்தான் கையை நீட்டுகிறார்கள்.

வெட்கமாக இருந்தது ஹத்தாவுக்கு. பெருமையாகவும் இருந்தது. தலை வேறு காலையிலிருந்து விண்விண் என்று தெறித்துக்கொண்டிருந்தது. முறை வைத்தவள் அவள். அந்த முறைதான் இப்போது ஆஸ்பத்திரியைச் சாப்பிடப் பார்க்கிறது, கூடவே மகளின் ஆசையையும்.

சட்டியைத் தூக்கிக்கொண்டு விருந்தறைக்கு நடந்தாள்.

---

டாக்டர் மரியாதைக்கு எழுந்து நின்றார். "உங்க கைச் சமையல் வாசம் பாதை வரைக்கும் வந்துச்சு. எப்படி இருக்கீங்க ஹத்தா?"

பின்னால் வந்த இஸ்ஸா, அம்மா வாயைத் திறப்பதற்கு முன்பே அரபியில் ஆரம்பித்துவிட்டாள், "நல்லாயிருக்காங்க, அல்லாஹ் புண்ணி..."

"நான் இன்னும் ஒண்ணும் சொல்லலையே, அதுக்குள்ள என்னடி முந்திரிக்கொட்டை?"

அறை திரும்பிப் பார்த்தது. ஒரு வாரத்துக்குப் பிறகு ஹத்தா மகளோடு நேராகப் பேசிய முதல் வார்த்தை இதுதான்.

"சொல்லு அவங்ககிட்ட. நான் நல்லா இல்லன்னு சொல்லு."

இஸ்ஸா அம்மாவையே பார்த்து முழித்தாள்.

"என்ன முழிக்கிறே? எனக்கு ரத்தக் கொதிப்பு. ரெண்டு வருஷமா இருக்கு. தலை சுத்துது, ராத்திரி தூக்கம் இல்ல. சந்தைக்குப் போறேன்னு பொய் சொல்லி மலைக்கு அந்தப் பக்கம் போய் மாத்திரை வாங்கறேன். பக்கத்துத் தெருவுல நர்ஸ் இருக்க, குலுங்கிக் குலுங்கி அவ்வளவு தூரம் போறேன். ஏன்? சோறு போட்டுட்டோமே, கேக்க முடியுமா? முறை வெச்சதே நான்தான். தப்புப் பண்ணவளும் நான்தான். சொல்லுடி எல்லாத்தையும்!"

இஸ்ஸாவால் சொல்ல முடியவில்லை. "அம்மா, என்கிட்டக்கூடச் சொல்லலையே நீ" என்பது மட்டும் வந்தது, அதுவும் மலைப்பேச்சில்.

கடைசியில் மொழிபெயர்த்தது கௌத்தர்தான். அரைகுறையாகப் புரிந்ததை அரைகுறையாகச் சொன்னாள். அதுவே போதுமானதாக இருந்தது.

விருந்தாளியின் முன்னால், விருந்துச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, வீட்டுக்காரியே இப்படிப் பேசி அந்த ஊர் பார்த்ததில்லை.

வாசலிலிருந்து பாஸ்ஸுவின் குரல் கேட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தே அலுத்துப்போன மனுஷன்.

"அப்பாடா! என் பெண்டாட்டியே சொல்லிட்டா. இனிமே நான் எதுக்கு மறைக்கணும்? லஹ்ஸன், உங்க மூச்சிரைப்பைச் சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா? மிமூன் தாத்தா, ஒவ்வொரு சந்தைக்கும் கால் கட்டை மாத்திக்கிட்டு வர்றீங்களே, அது என்ன சர்க்கரையா?"

"ஏண்டா, மானத்தை வாங்குறே!" என்று தாத்தா கம்பை ஓங்கினார். ஓங்கிய வேகத்தில் கால் வலித்து, "ஆ" என்று உட்கார்ந்தார். அந்த ஒரு 'ஆ'வுக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. டாக்டர் அவர் பக்கத்தில் மண்டியிட்டுக் கட்டைப் பிரிக்க ஆரம்பித்தார்.

அவ்வளவுதான், மடை உடைந்தது.

யம்னா கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். "எனக்கு அப்புறந்தான் நீ" என்று இரண்டு பெண்கள் இடித்துக்கொண்டார்கள். வந்தவர்கள் விருந்தறையில் கொள்ளாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டமாகப் போனார்கள். வாசலில் வரிசை நின்றது. வரிசையில் சண்டையும் வந்தது. கௌத்தர் சட்டைக் கையை முழங்கை வரை மடித்துக்கொண்டு, சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாமல் ஓடி ஓடி வேலை செய்தாள். ஆட்களைப் பிடித்து உட்கார வைப்பதும், 'கத்தாதே, உன் முறை வரும்' என்று அதட்டுவதும் இஸ்ஸாவின் வேலை. பதிலுக்கு அவளை அதட்டாத ஆள் இல்லை.

ஹத்தாவின் கையில் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றிக் காற்றடித்த டாக்டர், கருவியின் முள்ளைப் பார்த்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினார்.

"இவ்வளவு கொதிப்பை வெச்சுக்கிட்டா ஒரு விருந்தே சமைச்சீங்க? மாத்திரை தினமும் போடுறீங்களா?"

"தலை வலிச்சா போடுவேன்" என்றாள் ஹத்தா.

"தலை வலிச்சா போடுறதுக்கு அது என்ன பெப்பர்மின்ட்டா?" என்று இஸ்ஸா கத்தினாள். மொழிபெயர்ப்பில் இல்லாத வாக்கியம் அது. ஊரே கேட்டது. மகளிடம் திட்டு வாங்குவது இவ்வளவு நன்றாக இருக்கும் என்று யாரும் ஹத்தாவுக்குச் சொன்னதில்லை.

விருந்துச் சட்டி வீட்டில் ஆறிப்போய்க் கிடந்தது. அவள் வாழ்க்கையில் விருந்தாளிக்கு வைத்த கறி ஆறியது இதுதான் முதல் தடவை.

---

வெயில் சாய்ந்ததும் டாக்டர் கையைக் கழுவிக்கொண்டு படியில் உட்கார்ந்தார். ஊரும் சுற்றி உட்கார்ந்தது.

"ஆஸ்பத்திரியை மூடப் போறதில்ல" என்றார். இஸ்ஸா மொழிபெயர்ப்பதற்குள் பாதிப் பேர் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு கூவினார்கள். பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குலவையிட்ட சத்தத்தில் ஆடுகள் மிரண்டன.

ஹத்தா எழுந்தாள். "இன்னையோட கௌத்தருக்கு முறைச்சோறு கிடையாது."

கூட்டம் திகைத்தது. கௌத்தரின் முகமும் தொங்கிப்போனது. கறியின் மேல் அவளுக்கும் ஒரு பாசம் வந்துவிட்டிருந்தது.

"அவ விருந்தாளி இல்ல. அவ வீடும் நம்ம ஊர்ல ஒரு வீடு. இனிமே இமாமுக்குச் சோறு போடுற வரிசையில அவளும் ஒரு நாள் போடணும். நம்ம வீட்டுக்கு அவ வருவா, அவ வீட்டுக்கு நாம போவோம். ஊர்க்காரிகிட்ட உதவி கேக்கறதுல என்ன கேவலம்?"

லஹ்ஸன் தாடியைத் தடவினார். "நியாயம்தான்" என்றார். இமாம் மட்டும் கொஞ்சம் கவலையோடு, "அந்தப் பொண்ணுக்குச் சமைக்கத் தெரியுமா?" என்று கேட்டார்.

சிரிப்பு அடங்கியதும் டாக்டர் பிள்ளைகளைப் பார்த்துத் திரும்பினார். பள்ளி முடித்தவர்கள், முடிக்கப் போகிறவர்கள் எல்லாம் சுவரோரம் நின்றிருந்தார்கள்.

"நகரத்துலேர்ந்து நர்ஸ் அனுப்பினா அவங்களை நீங்க விருந்தாளி ஆக்கிடுறீங்க. அதனால எனக்கு வேண்டியது இந்த ஊர்ப் பிள்ளைங்க. படிப்பு கஷ்டம். புண்ணு நாத்தம், ரத்தம் எல்லாம் உண்டு. படிச்சு முடிச்சப்புறம் கீழயே இருந்துடலாம்னு ஆசை வரும். இருந்தாலும் திரும்பி வருவேங்கிறவங்க யாரு?"

இஸ்ஸாவின் கை முதலில் உயர்ந்தது.

"இவ வருவான்னு என்ன நிச்சயம்?" என்று டாக்டர் வேடிக்கையாகக் கேட்டார்.

ஹத்தா முந்திக்கொண்டாள். "வராம எங்க போவா? கீழ இறங்கி வந்து காதைத் திருகி இழுத்துட்டு வருவேன். கௌத்தரை அப்படி இழுக்க முடியுமா? இது என் பொண்ணு. இந்த ஊரு இவளை அடிக்கும், அணைக்கும். காஸாபிளாங்காவுல நாற்காலிதான் கிடைக்கும்."

இஸ்ஸா திரும்பி அம்மாவைக் கட்டிக்கொண்டாள். "போடி, மாவு ஒட்டும்" என்று சொல்லிக்கொண்டே ஹத்தாவும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மாவு எதுவும் ஒட்டியிருக்கவில்லை.

இரண்டாவதாகப் பள்ளிவாசல் பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் கையைத் தூக்கினான். "ஆம்பளையும் நர்சாகலாமா?" என்று சந்தேகம் கேட்டுவிட்டுத் தூக்கினான். மூன்றாவதாக எழுந்த கையைப் பார்த்து எல்லோரும் யம்னாவின் பக்கம் திரும்பினார்கள். அது யம்னாவின் மகள் துதா. இஸ்ஸாவோடு ஒன்றாகப் பரீட்சை எழுதிப் பாஸானவள். அறுவடை முடிந்ததும் அவளுக்குக் கல்யாணம். அடுத்த பள்ளத்தாக்கில் பெரியப்பா மகனுக்குப் பேசி முடித்தாகிவிட்டது. பேசி முடித்த அப்பா ஹம்மு, விருந்துக்குச் செம்மறிகளைத் தேர்ந்தெடுக்க மேய்ச்சல் நிலத்துக்குப் போயிருக்கிறான்.

"கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு முன்னால மலைப் பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி முகாம் இருக்கு" என்றார் டாக்டர். "நாளைக்குக் காலையில ஆரம்பம். ஜீப்புல மூணு பேருக்கு இடம் இருக்கு. வர்றதுன்னா இப்பவே ஏறணும்."

இப்பவே! ஒரு வாரமாக மகளை ஊரைவிட்டு அனுப்பத் துடித்துக்கொண்டிருந்த ஹத்தாவுக்கு, இப்போது காலும் ஓடவில்லை, கையும் ஓடவில்லை. ரொட்டியைக் கட்டினாள், பிரித்தாள், மறுபடி கட்டினாள். இஸ்ஸா ஜீப்பில் ஏறி, தலையை வெளியே நீட்டினாள்.

"மாத்திரை காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. கௌத்தர் அக்காகிட்டக் கேப்பேன்."

"சரிடி, டாக்டரம்மா."

யம்னா கட்டுப்போட்ட கையோடு மகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். துதா அசையாமல் நின்றாள். சட்டென்று யம்னா, நல்ல கையால் மகளின் முதுகில் ஒன்று வைத்தாள்.

"ஏறுடி! உன் அப்பாவை நான் பாத்துக்கறேன்."

துதா ஏறினாள். கதவு சாத்திக்கொண்டது. ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு முதல் வளைவைத் தாண்டியது. பெண்கள் பாறை மேல் ஏறி நின்று கையசைத்தார்கள். குலவைச் சத்தம் மலையில் மோதித் திரும்பி வந்தது. ஹத்தாவின் கண்ணில் நீர் நிற்காமல் வழிந்தது, அதைத் துடைக்க அவள் நினைக்கவே இல்லை.

கீழே, இரண்டாவது வளைவில், ஜீப் நின்றது.

பாதையை அடைத்துக்கொண்டு ஒரு மந்தை மேலே ஏறி வந்துகொண்டிருந்தது. கொழுத்த, கல்யாணத்துக்கு லாயக்கான செம்மறிகள். மந்தைக்கு முன்னால் கோலை ஊன்றிக்கொண்டு ஒரு ஆள். அவன் ஜீப்பின் ஜன்னலை நோக்கிக் குனிந்தான். பிறகு நிமிர்ந்து, கோலைப் பாதைக்குக் குறுக்கே பிடித்தான்.

"என் வீட்டுக்காரரு" என்றாள் யம்னா. அவள் குரலில் சற்றுமுன் இருந்த தைரியம் பாதி கரைந்துவிட்டிருந்தது. "நாளன்னைக்குத்தானே வர்றதா இருந்தாரு! ஹத்தாக்கா, நான் தனியா..."

"எதுக்குடி தனியா?"

ஹத்தா பாவாடையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். பாறையிலிருந்து குதித்து இறங்கி, சரிவில் நடக்க ஆரம்பித்தாள். யம்னா பின்னால் போனாள். அவளுக்குப் பின்னால் கௌத்தர் போனாள். அவளுக்குப் பின்னால், மத்தியானத்திலிருந்து ஆஸ்பத்திரி வாசலில் முட்டி மோதிக்கொண்டிருந்த மொத்த வரிசையும் இறங்கியது. கட்டுப்போட்ட கால், கட்டுப்போட்ட கை, மூச்சிரைப்பு, முதுகுவலி, கம்பை ஓங்கிப் பிடித்த மிமூன் தாத்தா உட்பட.

ஊர் முழுக்க நோயாளிகள். ஆனால் ஒருத்தர்கூட மெதுவாக நடக்கவில்லை.